மலையும் தெரியணும், முகமும் தெரியணும்: அவுட்டோர் போர்ட்ரெய்ட்டுக்கு எந்த வெளிச்சம் வாங்குவது?

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் கல்யாண ஜோடியை அவுட்டோர் கூட்டிப்போகிறவர்களுக்கு இடத்துக்குப் பஞ்சமே இல்லை. கே.ஆர்.பி. அணை இருக்கிறது, ராயக்கோட்டை மலை இருக்கிறது, ஒகேனக்கல் பாறை இருக்கிறது, காவேரிப்பட்டினம் தொடங்கிப் போச்சம்பள்ளி வரைக்கும் மாந்தோப்பு இருக்கிறது. பஞ்சம் நேரத்துக்குத்தான். முகூர்த்தம் காலையில் முடிந்துவிடும். மேடையில் மொய் வரிசை குறைந்ததும் மாமா முறையில் ஒருவர் வந்து, "பொண்ணு மாப்பிள்ளை சாப்பிட உக்கார்றதுக்குள்ள அரை மணி நேரம் எடுத்துக்கப்பா" என்பார். மணி பதினொன்றரை. சூரியன் உச்சந்தலையில் நிற்கும்.

அந்த நேரத்தில் ஜோடியை வெயிலில் நிறுத்தினால் கண்குழி இருட்டாகும், மூக்கு நிழல் உதட்டில் விழும். மரத்தடிக்குக் கொண்டுவந்தால் முகம் அழகாகிவிடும், ஆனால் பின்னால் மலையும் வானமும் வெளுத்துப்போகும். கணக்காகச் சொன்னால் இப்படி. தெளிந்த வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) 100, ஷட்டர் 1/200 விநாடி வைத்தால் வெயில்பட்ட நிலத்துக்கு எஃப்/11 அபெர்ச்சர் (லென்ஸ் துவாரம், எண் குறைந்தால் பெரிதாகும்) சரியாக இருக்கும். அதே ஷட்டரில் மாமர நிழலில் நிற்கும் முகம் ஏறக்குறைய எஃப்/4 கேட்கும். நடுவே மூன்று ஸ்டாப். ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு, ஆக எட்டு மடங்கு வித்தியாசம். இந்த எட்டு மடங்கை எதை வைத்து இறக்குவது என்பதுதான் கேள்வி. எடிட்டில் தூக்கலாம், ரிஃப்ளெக்டர் பிடிக்கலாம், கேமரா மேலேயே ஃப்ளாஷ் போடலாம், ஃப்ளாஷைக் கழற்றி ஸ்டாண்டில் வைக்கலாம், பெரிய பேட்டரி லைட் வாங்கலாம், எல்இடி எடுத்துப்போகலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துச் சின்ன ஸ்டுடியோவுக்கு முதல் செலவு இரண்டு மேனுவல் ஸ்பீட்லைட் (பவரைக் கையால் வைக்கும் சின்ன ஃப்ளாஷ்), தூரத்திலிருந்தே அதை அடிக்கவைக்கும் ஒரு ரேடியோ ட்ரிகர், வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் ஒரு துணிப்பெட்டி, அதாவது சாஃப்ட்பாக்ஸ். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஆனால் சில வேலைகளில் இந்தக் கூட்டணி தோற்கும்.

காசு செலவில்லாத வழிகள்

எடிட்டில் தூக்குவதைக் கேவலமாகப் பேசுகிறவர்கள் உண்டு. நான் பேசமாட்டேன். இன்றைய ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் ரா ஃபைல் (கேமரா சுருக்காத மூலப் படம்) எடுத்து, வானம் வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷர் வைத்து, இருட்டாக வந்த முகத்தை மட்டும் மாஸ்க் போட்டுப் பிரித்து இரண்டு ஸ்டாப் தூக்கினால் ஆல்பம் அளவுக்குத் தாங்கும். மூன்று ஸ்டாப்பில் நாய்ஸ், அதாவது புள்ளிப் புள்ளியான இரைச்சல், தெரிய ஆரம்பிக்கும், தலைமுடி ஓரத்தில் மாஸ்க் காட்டிக்கொடுக்கும். அதைவிடப் பெரிய குறை வேறு. எடிட் வெளிச்சத்தின் அளவைத்தான் மாற்றும், திசையை மாற்றாது. மாந்தோப்புக்குள் வரும் வெளிச்சம் இலையில் வடிகட்டி வருவது. தாடைக்குக் கீழும் கழுத்திலும் பச்சை ஏறி இருக்கும். முகத்தைத் தூக்கும்போது அந்தப் பச்சையும் சேர்ந்தே தூக்கப்படும். பிறகு மெஜந்தா சேர்த்து அதைக் கொல்லப் போனால் பட்டுப்புடவை நிறம் மாறும். கண்ணில் வெளிச்சப் புள்ளியும் இருக்காது, முகம் தூங்கி வழியும்.

ரிஃப்ளெக்டரில் ஒரு பெரிய நன்மை, அடிக்கும் வெளிச்சம் கண்ணுக்கு முன்னாலேயே தெரியும். சிங்க், பவர் என்று எதுவும் யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குச் சாப்பாடு வெயில். ஜோடி நிழலில் நின்றாலும் ரிஃப்ளெக்டர் பிடிக்கிற பையன் வெயிலில் நிற்க வேண்டும், அதுவும் சூரியன் சாய்வாக இருக்கும்போது. உச்சி வெயிலில் ரிஃப்ளெக்டரைக் கீழிருந்துதான் காட்ட முடியும். அப்போது முகவாய்க்கு அடியிலிருந்து வெளிச்சம் ஏறி, நாடகத்தில் பேய் வேஷம் போட்டது மாதிரி ஆகிவிடும். சில்வர் பக்கம் பட்டால் மணப்பெண்ணால் கண்ணைத் திறக்க முடியாது. கோல்டு பக்கத்தை நம் ஊர் முகத்தில் காட்டவே கூடாது, மஞ்சள் பூசிக் குளித்த நாள் மாதிரி வரும். எனக்குப் பிடித்தது வெள்ளைத் தெர்மோகோல். இடுப்பளவுப் படத்துக்கு, காலை எட்டரை மணிக்குள், அதற்கு ஈடில்லை. முழு உயரத்துக்கு அது எட்டாது. மண்டப வாசலில் வெயில் விழும் சிமென்ட் தரை இருந்தால் அதுவே பெரிய ரிஃப்ளெக்டர்தான், ஜோடியை அதன் ஓரத்து நிழலில் நிறுத்திப் பாருங்கள்.

கேமரா மேல் ஃப்ளாஷ்

இது எல்லோரிடமும் இருக்கிறது, எல்லோரும் திட்டுகிறார்கள். இடம் தெரிந்து போட்டால் திட்ட வேண்டியதில்லை. முகூர்த்தம் முடிந்து குலதெய்வக் கோயில் வாசலில் சொந்தக்காரர்கள் இருபது பேர் வரிசைகட்டும்போது ஸ்டாண்ட் நட நேரம் ஏது? டிடிஎல் (ஃப்ளாஷ் பவரைக் கேமராவே அளந்து வைப்பது) போட்டு, அதைக் கூட்டிக் குறைக்கும் ஃப்ளாஷ் காம்பன்சேஷனை மைனஸ் ஒன்றரையிலிருந்து மைனஸ் இரண்டுக்குள் வைத்தால் கண்குழி நிழல் மட்டும் லேசாக நிரம்பும், ஃப்ளாஷ் போட்டதே தெரியாது. ஃபில், அதாவது நிழலை நிரப்பும் வெளிச்சம் என்ற அளவில் அதன் வேலை அவ்வளவுதான்.

அதையே முக்கிய வெளிச்சமாக்கினால்தான் வினை. நேராக எதிரிலிருந்து வருவதால் முகம் தட்டையாகும், ஜரிகை பளீரென்று திருப்பி அடிக்கும், நெற்றி வியர்வை வெள்ளைத் திட்டாக நிற்கும். முன்வரிசை இரண்டு மீட்டரிலும் பின்வரிசை நான்கு மீட்டரிலும் நின்றால் பின்னால் இருப்பவர்களுக்குக் கால்பங்கு வெளிச்சம்தான் போகும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நாலில் ஒன்று. இதை எந்த விலை ஃப்ளாஷும் மாற்றாது.

ஒகேனக்கல்லில் இன்னொரு தொல்லை உண்டு. அருவிச் சாரல் காற்றில் மிதக்கும்போது கேமரா மேலிருந்து ஃப்ளாஷ் அடித்தால், லென்ஸுக்கு முன்னால் இருக்கும் துளிகள்தான் முதலில் வெளிச்சம் வாங்கும். படம் முழுக்க வெள்ளை வட்டங்கள். ஃப்ளாஷைப் பக்கவாட்டில் நகர்த்தினால் பெரும்பகுதி போய்விடும்.

கழற்றி வைத்த ஸ்பீட்லைட்

விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஷட்டர் பின்னணியை ஆளும், ஃப்ளாஷ் பவர் முகத்தை ஆளும், அபெர்ச்சரும் ஐஎஸ்ஓவும் இரண்டையும் சேர்த்து ஆளும். ஃப்ளாஷ் ஒளிரும் நேரம் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைவிட மிகக் குறைவு என்பதால் சிங்க் வேகத்துக்குள் ஷட்டரை ஏற்றி இறக்குவது முகத்தில் விழும் ஃப்ளாஷைத் தொடாது. சிங்க் வேகம் பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250. ஷட்டர் முழுதாகத் திறந்து, ஃப்ளாஷ் படம் முழுக்க விழக்கூடிய அதிகபட்ச வேகம் இதுதான்.

மாந்தோப்புக்கே திரும்பி வருவோம். ஃப்ளாஷை அணைத்துவிட்டு முதலில் பின்னணிக்கு ஒரு படம் எடுங்கள். எஃப்/11 என்று கணக்கு சொன்னாலும் நான் அங்கே நிற்கமாட்டேன். பின்னணி அச்சுப்பிசகாமல் சரியாகவும் முகமும் அச்சுப்பிசகாமல் சரியாகவும் இருந்தால் ஜோடியை வெட்டி வேறு படத்தில் ஒட்டினது மாதிரி இருக்கும். நிழலில் நிற்கிறவர் வெயிலைவிடக் கொஞ்சம் மங்கலாகத் தெரிவதுதான் நம் கண் பழகியது. அதனால் எஃப்/8 வைக்கிறேன். வெயில்பட்ட நிலம் ஒரு ஸ்டாப் கூடுதலாக, காந்தலாக இருக்கும், அது வெயில்தானே. முகத்துக்கு இயல்பான வெளிச்சம் இப்போது இரண்டு ஸ்டாப் குறைவு, அதாவது கால்பங்கு. மீதி முக்கால்பங்கை ஃப்ளாஷ் கொடுக்க வேண்டும். இலைப்பச்சை அந்தக் கால்பங்குக்குள் அடங்கிவிடுவதால் கழுத்து தானாகச் சுத்தமாகும். எடிட்டிங்கில் மெஜந்தாவோடு மல்லுக்கட்டும் வேலை மிச்சம்.

பவர் போதுமா? பெட்டிமேல் கைடு நம்பர் (ஃப்ளாஷின் பலத்தைச் சொல்லும் எண்) 60 என்று போட்டிருப்பது 200 மில்லிமீட்டர் ஜூமில். 35 மில்லிமீட்டருக்கு வந்தால் அது சுமார் 36. சாஃப்ட்பாக்ஸுக்குள் போட்டால் இரண்டு ஸ்டாப் போய் 18 ஆகும். கைடு நம்பரைத் தூரத்தால் வகுத்தால் எஃப் எண் வரும். ஒன்றரை மீட்டரில் 12. ஆக எஃப்/8 வேண்டுமானால் அரைப் பவரில் கிடைத்துவிடும். இடுப்பளவு, முக்கால் அளவுப் படங்களுக்கு ஒரே ஸ்பீட்லைட் தாராளம். ஜோடி முழு உயரத்துக்கு வேண்டும், லைட் ஃப்ரேமுக்கு வெளியே மூன்று மீட்டரில் நிற்க வேண்டும் என்றால் முழுப் பவரிலும் எஃப்/6 தான். அங்கே சாஃப்ட்பாக்ஸைக் கழற்றிவிட்டு நேரடியாக அடிக்கலாம். எஃப்/12 வரும், நிழல் ஓரம் கூர்மையாகும். வெயிலே கூர்மையான வெளிச்சம்தான் என்பதால் தூரத்தில் இருந்து எடுத்த படத்தில் அது உறுத்தாது. கிட்டத்தில் உறுத்தும்.

டிடிஎல் வைப்பதா மேனுவல் வைப்பதா என்ற சண்டை ஊருக்கு ஊர் உண்டு. மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டை, பெண் அரக்குப் பட்டு. ஃப்ரேமில் வேட்டி அதிகமானால் டிடிஎல் ஃப்ளாஷைக் குறைக்கும், பட்டு அதிகமானால் கூட்டும், ஜரிகை நேராகத் திருப்பி அடித்தால் மொத்தமாகக் கையை விரிக்கும். ஒரே இடத்தில் எடுத்த பத்துப் படம் பத்து விதமாக வரும், எடிட்டர் தலையில் கை வைப்பார். ஜோடி ஓரிடத்தில் நிற்கிறார்கள், லைட் ஓரிடத்தில் நிற்கிறது, பிறகு எதற்கு டிடிஎல்? மேனுவலில் ஒருமுறை சரிசெய்தால் போதும். ஓடிக்கொண்டே எடுக்கும் கேண்டிடுக்கு டிடிஎல், நிறுத்தி எடுக்கும் போர்ட்ரெய்ட்டுக்கு மேனுவல். மேனுவல் மட்டும் உள்ள ஸ்பீட்லைட் விலையும் பாதிக்குப் பாதி.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். கருத்த முகத்தை ஸ்பாட் மீட்டரில் (ஒரு சின்ன இடத்தை மட்டும் அளப்பது) அளந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் முகம் இருக்க வேண்டியதைவிட வெளுத்து, சாம்பல் பூத்தது மாதிரி ஆகும். "கொஞ்சம் கலரா காட்டுங்கண்ணா" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் வெளுத்துக் காட்டிய ஆல்பத்தைப் பார்த்து, "இது நம்ம புள்ளையே இல்லையே" என்று பாட்டி சொல்வதும் நடக்கிறது. கருத்த முகத்தின் வடிவத்தைக் காட்டுவது வெளிச்சத்தின் அளவைவிட அதன் பளபளப்புதான். கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் அகலமான மெல்லிய மினுமினுப்பு விழுந்தால் முகம் தானாக எழுந்து நிற்கும். அதற்குப் பெரிய பரப்புள்ள வெளிச்சம், பக்கவாட்டில், கிட்டத்தில் வேண்டும். 80 அல்லது 90 சென்டிமீட்டர் சாஃப்ட்பாக்ஸ் ஒன்றரை மீட்டருக்குள். பவரைக் கூட்டி இந்த விளைவைக் கொண்டுவர முடியாது. ரிஃப்ளெக்டர், கேமரா மேல் ஃப்ளாஷ், எடிட் மூன்றையும் இது ஒரே அடியில் தோற்கடிப்பது இந்த இடத்தில்தான்.

காற்றுதான் இதன் எதிரி. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஃப்ளாஷுக்கு மாட்டும் குடை எம்மாத்திரம். ஆடியில் கல்யாணம் இல்லையே என்று நிம்மதியாக இருக்க முடியாது, நம் பக்கம் ஆனியிலேயே காற்று கிளம்பிவிடும். அணைக்கரையிலும் ராயக்கோட்டை மேலேயும் ஸ்டாண்டுக்கு ஆள் பிடிக்க வேண்டும், அல்லது மணல் பை கட்ட வேண்டும். திறந்த இடத்தில் குடை வேண்டாம், சாஃப்ட்பாக்ஸ் போதும்.

பின்னணி மங்கலாகவும் வேண்டுமென்றால்

எஃப்/8 என்றதும் பலருக்கு முகம் சுளிக்கும். 85 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கியதே பின்னணியை உருக்கத்தானே. எஃப்/2.8 வேண்டும், ஆனால் வானம் வெளுக்கக்கூடாது என்றால் இரண்டே வழி. ஒன்று ஹைஸ்பீட் சிங்க், இன்னொன்று என்டி ஃபில்டர்.

ஹைஸ்பீட் சிங்கில் ஷட்டரை 1/3200 வரை ஏற்றி எஃப்/2.8க்குப் போகலாம். ஃப்ளாஷ் ஒரே அடியாக அடிக்காமல் ஷட்டர் ஓடி முடியும்வரை படபடவென்று துடித்துக்கொண்டே இருக்கும். அதற்குக் கொடுக்கும் விலை, உள்ளே நுழைந்ததுமே ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் வெளிச்சம். போதாததற்கு இப்போது ஷட்டரை ஏற்ற ஏற்ற ஃப்ளாஷும் சேர்ந்து குறையும், பின்னணியையும் முகத்தையும் தனித்தனியாக ஆளும் வசதி போச்சு. மேலே சாஃப்ட்பாக்ஸில் அரைப் பவர் என்று கணக்குப் போட்ட அதே ஸ்பீட்லைட்டுக்கு இப்போது முழுப் பவரே பத்தாது. தொடர்ந்து அடித்தால் சூடேறி, பாதுகாப்புக்காகத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாத வெயிலில் இது சீக்கிரம் நடக்கும்.

என்டி ஃபில்டர் கண்ணாடி போட்டுக்கொள்வது மாதிரி, எல்லாவற்றையும் சமமாக இருட்டாக்கும். மூன்று ஸ்டாப் என்டி போட்டால் 1/200, எஃப்/2.8, ஐஎஸ்ஓ 100 என்பது எஃப்/8 வைத்ததற்குச் சமம். ஃப்ளாஷ் கொடுக்க வேண்டிய பவரும் எஃப்/8க்கு உண்டான அரைப் பவர்தான், ஹைஸ்பீட் சிங்கின் இரண்டு ஸ்டாப் இழப்பு இல்லை. ஷட்டரும் பவரும் மறுபடி தனித்தனி ஆட்சி. குறை என்றால், டிஎஸ்எல்ஆர் வியூஃபைண்டர் இருட்டாகி ஃபோகஸ் தடுமாறும், மிரர்லெஸ்ஸில் அந்தத் தொல்லை குறைவு. மலிவு வேரியபிள் என்டி (இருட்டைத் திருகிக் கூட்டிக் குறைப்பது) சிலது மஞ்சளையோ பச்சையையோ ஏற்றிவிடும். கையில் ஸ்பீட்லைட் மட்டும் இருந்தால் நான் என்டி பக்கம். 200 வாட்-செகண்டுக்கு மேல் பவருள்ள பேட்டரி லைட் இருந்தால், ஜோடி நடந்துகொண்டே இருந்தால், ஹைஸ்பீட் சிங்க் பக்கம். 2023 இல் சோனி அறிவித்த ஏ9 மூன்றாம் தலைமுறை கேமராவில் குளோபல் ஷட்டர் (சென்சார் முழுவதும் ஒரே நொடியில் படமெடுப்பது) வந்து, எந்த ஷட்டர் வேகத்திலும் சிங்க் ஆகிறது. லட்சக்கணக்கில் விலை, இப்போதைக்கு வேடிக்கை பார்க்கலாம்.

பெரிய லைட் ஒன்றா, சின்னது இரண்டா?

கோடாக்ஸ் ஏடி200 போன்ற 200 வாட்-செகண்ட் பேட்டரி லைட் ஒரு ஸ்பீட்லைட்டைவிட ஒன்றரை ஸ்டாப்புக்குள் கூடுதல் கொடுக்கும். லித்தியம் பேட்டரி, முழுப் பவரில் 500 அடி என்பது கம்பெனிக் கணக்கு. நல்ல சாமான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே காசில் இரண்டு மூன்று மேனுவல் ஸ்பீட்லைட் வரும். இரண்டை ஒரே பிராக்கெட்டில் மாட்டினால் ஒரு ஸ்டாப் கூடும். வித்தியாசம் அரை ஸ்டாப்தான். கல்யாண வேலையில் அதைவிட முக்கியம், ஒன்று மக்கர் பண்ணினால் மற்றது இருக்கிறது. தேவைப்பட்டால் பிரித்து, ஒன்றை முகத்துக்கும் ஒன்றை முதுகுப்பக்கம் தலைமுடி ஓரத்துக்கும் வைக்கலாம். ஒரே பெரிய லைட்டை வெட்டி இரண்டாக்க முடியாது.

பெரிய லைட் ஜெயிப்பது மதிய வேலையை முழுநேரமாக விற்கிறவர்களுக்கு. அணைக்கரையில் நிழலே இல்லாத இடத்தில் ஜோடி முழு உயரம், பின்னணி ஒரு ஸ்டாப் இருட்டு, வானம் ஆழ்ந்த நீலம், அந்த போஸ்டர் பாணிதான் வேண்டும் என்றால் எஃப்/16 அளவுக்கு ஃப்ளாஷ் கொடுக்க வேண்டும். ஸ்பீட்லைட் கூட்டம் அதற்கு மூச்சு வாங்கும். அங்கே 600 வாட்-செகண்ட் லைட்டே சரி. எனக்கு அந்தப் பாணி அவ்வளவாகப் பிடிக்காது, பகலில் எடுத்த படம் பகல் மாதிரி இருக்க வேண்டும். கேட்டு வாங்குகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதும் உண்மை.

எல்இடி மதியத்துக்கு ஆகாது, விடுங்கள். சூரியன் மறைந்த பின் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு அருமை, வீடியோக்காரருக்கும் அதே வெளிச்சம் பயன்படும்.

சாயங்காலத்தை ஜோடி கொடுத்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகும். தை மாசத்தில் ஆறேகால் வாக்கில், வைகாசியில் ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் சூரியன் இறங்கும். அதற்கு முந்தின கால்மணியில் பின்னணி தானாகவே இறங்கிவந்து எஃப்/4க்குள் நிற்கும், ஸ்பீட்லைட் எட்டிலொரு பங்கு, பதினாறிலொரு பங்கு பவரில் ஓடும், பேட்டரி தீராது, என்டி வேண்டாம், ஹைஸ்பீட் சிங்க் வேண்டாம். ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. ஃப்ளாஷ் நடுப்பகல் வெள்ளை, சுமார் 5500 கெல்வின். சுற்றிலும் எல்லாம் பொன்னிறமாக இருக்க, முகம் மட்டும் நீலம் பாய்ந்து நிற்கும். அரை ஆரஞ்சு ஜெல் (நிறமுள்ள கண்ணாடித்தாள்) ஒன்றை ஃப்ளாஷின் முன்பக்கத்தில் ஒட்டினால் சுமார் 3800க்கு இறங்கி வெயிலோடு சேர்ந்துவிடும். மேலே பார்த்த எல்லாச் சாமானிலும் விலை குறைந்தது இந்த ஜெல் தாள்தான், ஆனால் பையில் வைத்திருப்பவர்கள் குறைவு. அதனால்தான் ஆல்பம் பேசும்போதே, மதியம் அரை மணியை மண்டபத்து நிழலோடு முடித்துக்கொண்டு, தோப்பு, அணையை மறுவீட்டு விருந்து முடிந்த ஒரு சாயங்காலத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்வேன். ஒத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு, "அதெல்லாம் அப்புறம் யாரு வர்றது" என்று கை கழுவும் வீடுகளும் உண்டு. உங்களுக்கு வரும் வேலையில் எந்த வகை வீடு அதிகம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு லைட் வாங்குங்கள்.

600 வாட்-செகண்ட் லைட் தேவைப்படும் வேலை வருஷத்தில் ஓரிரண்டுதான் என்றால் வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு நாற்பது கிலோமீட்டர், காலையில் போய் வாங்கிவந்துவிடலாம். எடுக்கும்போது லைட்டை மட்டும் பார்க்காமல் ட்ரிகரையும் உங்கள் கேமராவில் மாட்டி, ஹைஸ்பீட் சிங்கில் ஒரு படம் கடையிலேயே அடித்துப் பாருங்கள். கேனான் ட்ரிகரை நிக்கானில் மாட்டினால் 'அடி' என்று மட்டும் சொல்லும் நடுமுள்தான் பேசும். ஃப்ளாஷ் என்னவோ அடிக்கும், 1/200 தாண்டினதும் படத்தில் கருப்புப் பட்டை விழும்.